மலபார் மாப்பிள்ளைமாரும் சர்க்கார் தீர்ப்பும்

1854-ஆம் ஆண்டில், கல்கத்தாவிலிருந்து இந்த தேசத்தை ஆண்டுகொண்டிருந்த கும்பினி சர்க்கார், சென்னை ராஜதானியின் மேற்குக் கரையிலிருந்த மலபார் ஜில்லாவை உத்தேசித்து அடுத்தடுத்து இரண்டு சட்டங்களை இயற்றிற்று. இருபத்துமூன்றாம் எண்ணுள்ளது மாப்பிள்ளைக் கலகச் சட்டம். இருபத்துநான்காம் எண்ணுள்ளது மாப்பிள்ளைப் போர்க்கத்திச் சட்டம். கொலை செய்தவனைத் தண்டிப்பதற்கும் கொள்ளையடித்தவனைச் சிறையிலிடுவதற்கும் வேண்டிய விதிகள் அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தன. ஆயினும் ஒரு சமூகத்தின் பெயரையே தலைப்பில் தாங்கி, அச்சமூகத்தார் வசிக்கும் ஒரு ஜில்லாவுக்கு மட்டும் உரியதாய், கலகக்காரனுடைய சொத்தைப் பறிமுதல் செய்யவும், அவன் ஊரிலுள்ள மாப்பிள்ளைமார் அனைவர்மீதும் கூட்டு அபராதம் விதிக்கவும், சந்தேகத்துக்கு உள்ளானவனை விசாரணையின்றி நாடுகடத்தவும், இறந்தவனுடைய உடலை உறவினருக்குக் கொடுக்காமல் எரித்துவிடவும் அதிகாரம் தந்த சட்டம் முதலாவதே. குற்றவாளியின் மதத்திலேயே குற்றத்தின் மூலகாரணம் இருக்கிறதென்று ஒரு ராஜாங்கம் தீர்மானித்துவிட்டால் என்னென்ன விளையும் என்பதை அறிய விரும்புகிறவர்கள், அக்காலத்து மலபாரின் சரித்திரத்தைப் பொறுமையாகப் படித்துப் பார்க்கவேண்டும்.

மாப்பிள்ளைமார் நேற்று வந்தவர்கள் அல்லர். அரபு வணிகர் மிளகுக்காக மலையாளக் கரைக்கு வந்து தங்கிய காலந்தொட்டு வளர்ந்த முஸ்லிம் சமூகம் அது. கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னர்கள் அவர்களைத் தங்கள் துறைமுகத்தின் செல்வமாகவும் கடற்படையின் பலமாகவும் மதித்தார்கள். போர்த்துக்கீசியரை எதிர்த்துப் பல்லாண்டு போரிட்ட குஞ்ஞாலி மரைக்காயர்கள் ஒரு ஹிந்து அரசனுடைய தளபதிகளே. பொன்னானியிலிருந்த ஷேக் ஸைனுத்தீன் என்னும் அறிஞர் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபு மொழியில் இயற்றிய துஹ்பத்துல் முஜாஹிதீன் என்னும் சரித்திர நூல், போர்த்துக்கீசியரோடு போர்புரியுமாறு முஸ்லிம்களை அழைக்கிறது. ஆனால் அதே நூல், முஸ்லிம்களை ஆதரித்துக் காத்த மலையாள தேசத்து ஹிந்து அரசர்களை நன்றியோடு புகழவும் செய்கிறது. இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1833-லேயே லண்டனில் அச்சாகிவிட்டது. மாப்பிள்ளைமாரைப் பற்றிக் கட்டுக்கட்டாக அறிக்கை எழுதிய துரைமார்கள் இதைப் படித்திருந்தால், ஹிந்துக்களைப் பகைப்பது இவர்களுடைய பிறவிக்குணம் என்று அவ்வளவு சுலபமாக முடிவுகட்டியிருக்க முடியாது.

பகை பிறந்த இடம் நிலம். 1766-ல் ஹைதர் அலி மலபாரின்மீது படையெடுத்து வந்ததிலிருந்து மைசூர் ஆட்சியில், நிலவுடைமையாளரான ஜன்மிகளில் அநேகர் திருவிதாங்கூருக்கு ஓடினார்கள். நிலத்தை உழுதவர்கள் தீர்வையை நேராக அரசுக்கே செலுத்தி, ஏறக்குறைய உடையவர்களாகவே வாழத் தொடங்கினார்கள். 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் கும்பினியார் கைக்கு வந்ததும் ஜன்மிகள் திரும்பி வந்தார்கள். விளைச்சலை ஜன்மியும், அவனிடம் காணம் என்னும் குத்தகை பெற்ற காணக்காரனும், உழவனும் பழைய மரியாதைப்படி பங்கிட்டுக்கொண்டிருந்த ஒரு வழக்கத்தை, இங்கிலாந்து தேசத்துப் பண்ணை எஜமானுடைய உரிமையாகவே பாவித்து, ஜன்மியை நிலத்துக்குத் தனியுரிமையாளனாக்கினார்கள் கும்பினி நீதிபதிகள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காணத்தைப் புதுப்பிக்கும் பொளிச்செழுத்து என்னும் வழக்கம் பணம் பறிக்கும் சாதனமாயிற்று; இருக்கிற குடியானவனுக்குத் தெரியாமலே அவனுக்கு மேலாக வேறொருவனுக்குக் குத்தகை எழுதிக் கொடுக்கும் மேல்சார்த்து என்பது அதைவிடக் கொடிய ஆயுதமாயிற்று. தென்மலபாரில் ஏறநாடு, வள்ளுவநாடு ஆகிய தாலுகாக்களின் உட்பகுதிகளில் ஜன்மி பெரும்பாலும் நம்பூதிரியாகவோ நாயராகவோ இருந்தான். வெறும்பாட்டம் என்னும் சாதாரணக் குத்தகைக்காரனாக அவனிடம் அண்டிப் பிழைத்தவன் மாப்பிள்ளையாக இருந்தான். அந்த உழவனுடைய பாட்டனோ பூட்டனோ அடிமைச் சாதியான செருமனாக இருந்து மதம் மாறியவனாகவும் இருக்கலாம். செருமன் தன் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, கரிக்காடி என்றே சொல்லவேண்டும் என்று விதித்திருந்த சமுதாயம் அது. இஸ்லாத்தைத் தழுவிய மறுநாளே அவன் சோற்றைச் சோறு என்றான், பொதுவழியில் நிமிர்ந்து நடந்தான், அவனை அடித்தால் கேட்பதற்கு ஓர் ஊரே இருந்தது. 1871-ஆம் வருஷத்துக் குடிமதிப்பில் மலபாரில் ஏறத்தாழ 99,000 பேராக இருந்த செருமக்கள் 1881-ல் 65,000 பேருக்கும் குறைந்துவிட்டார்கள் என்றால், எஞ்சியவர்கள் எங்கே போனார்கள் என்பது அக்காலத்து அதிகாரிகளுக்கே விளங்கிற்று.

1836 முதலாக எழுந்த கலகங்களின் வடிவம் விசித்திரமானது. பெரும்படை திரளவில்லை, ஐந்து பேர், பத்துப் பேர், சில சமயம் அதற்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். நாட்கணக்காக நோன்பும் தொழுகையும் நேர்ச்சையும் நடந்தன. மனைவியை விவாகரத்துச் செய்து, கடன்களைத் தீர்த்து, அண்டை அயலாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மம்புறம் தங்ஙள் என்று பெயர்பெற்ற மதகுரு சையது அலவியின் சமாதியைப் போன்றதொரு புனித ஸ்தலத்தில் வணங்கி, வெள்ளை உடை உடுத்து, நீண்ட கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டார்கள். குடியிறக்கிய ஜன்மியையோ, அவனுக்குத் துணைபோன ஊரதிகாரியையோ, வாக்குக் கொடுத்து ஏமாற்றியவனையோ வெட்டினார்கள். பிறகு தப்பியோட முயலாமல், ஒரு கோயிலிலோ ஜன்மியின் மாளிகையிலோ புகுந்து சிப்பாய்களின் வரவுக்காகக் காத்திருந்தார்கள். துப்பாக்கிக்கு முன்னே கத்தியோடு பாய்ந்து சாவதே அவர்களுடைய சங்கற்பம். உயிரோடு பிடிபடுவது அவமானம். பாரமாகிப் போன ஓர் உயிரை வீண்போகாதபடி கழித்துவிடுவதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது. வெட்டுண்டவர்களில் குற்றமற்றவர்களும் இருந்தார்கள் என்பதை மறைப்பதில் நியாயமில்லை.

இவற்றின் காரணத்தை ஆராயும்படி 1852-ல் சதர் நீதிமன்றத்தைச் சேர்ந்த டி. எல். ஸ்ட்ரேஞ்ச் என்பவரைச் சர்க்கார் நியமித்தது. அவர் மலபாரில் முன்பு நீதிபதியாக இருந்தவர். நியாயஸ்தலத்தில் ஜன்மிகளின் பத்திரங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அவருடையவை. ஜன்மிகள் குடிகளிடம் சாந்தமாகவும் நியாயமாகவுமே நடந்துகொள்கிறார்கள், கலகங்களுக்குக் காரணம் மதவெறியே, அதைத் தூண்டுகிறவர்கள் மதகுருக்களே என்பது அவர் கண்ட முடிவு. ஹிந்துக்களை மாத்திரமே கொண்ட விசேஷப் போலீஸ் படை ஒன்று வேண்டுமென்றும் அவர் எழுதிவைத்தார். முதலிற் சொன்ன இரண்டு சட்டங்களும் அந்த அறிக்கையின் வயிற்றிலிருந்து பிறந்தவை. அதே 1852-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், அப்போதைய மம்புறம் தங்ஙளாகிய சையது பஸல், கலெக்டர் கானலியின் வற்புறுத்தலால் தம் குடும்பத்தோடு அரேபியாவுக்குக் கப்பலேறினார். அவருடைய தந்தை சையது அலவியின் காலத்தில் காரியஸ்தராக இருந்தவர் கோந்து நாயர் என்னும் ஹிந்து. மூன்னியூர்க் களியாட்டக்காவில் பகவதியின் திருவிழாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் அந்தத் தங்ஙளே என்று அவ்வூரார் இன்றும் சொல்லுகிறார்கள். இவையெல்லாம் அறிக்கையில் இடம்பெறத்தக்க விஷயங்களாக அக்காலத்து உத்தியோகஸ்தர்களுக்குத் தோன்றவில்லை.

மதமே காரணம் என்ற தீர்ப்பில் உள்ள ஓட்டையைக் காண்பதற்கு மலபாரின் வரைபடம் ஒன்றே போதும். கண்ணூர், தலைச்சேரி ஆகிய வடமலபார்ப் பட்டணங்களிலும் மாப்பிள்ளைமார் இருந்தார்கள். அவர்கள் தொழுததும் அதே தொழுகைதான், ஓதியதும் அதே குர்ஆன்தான். அவர்கள் வணிகராகவும் நிலமுடையவராகவும் இருந்தபடியால், 1852-ல் மட்டனூரில் நடந்ததைப் போன்ற ஒன்றிரண்டு சம்பவங்கள் நீங்கலாக அங்கே கலகமே இல்லை. ஆனால் எதிர்க்கட்சியாருக்கும் ஒரு வாதம் உண்டு: தென்மலபாரில் குடியிறக்கப்பட்ட ஹிந்துக்களான தீயரும் செருமரும் இவ்வாறு கத்தி எடுக்கவில்லையே என்பது அது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. துன்பம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. அத்துன்பத்துக்கு ஓர் உருவத்தையும், கூடுவதற்கு ஒரு பள்ளிவாசலையும், சாவுக்கு ஒரு பொருளையும் கொடுத்தது மதம். இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் கையிலெடுத்தவர்கள், சர்க்கார் உத்தியோகஸ்தரானாலும் சரி, பிற்காலத்தில் எல்லாவற்றையும் வர்க்கப் போராட்டமாகவே கண்ட பண்டிதர்களானாலும் சரி, பாதி உண்மையோடு திருப்தியடைந்தவர்களே.

அறியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததென்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளைமார் தங்கள் மலையாளத்தை அரபு எழுத்தில் எழுதினார்கள். சேறூரில் 1843-ல் நடந்த சண்டையைப் பற்றிய படைப்பாட்டு அந்த எழுத்தில் ஊர் ஊராகப் பரவிற்று. வாசிக்கத் தெரியாத எழுத்தில் உலவும் எதையும் சர்க்கார் சதியென்றே கருதிற்று, பாட்டைத் தடைசெய்தது. மறுபக்கத்தில், ஆங்கிலக் கல்வி நரகத்துக்கு இட்டுச்செல்லும் என்று போதித்த முஸ்லியார்களுக்குக் குறைவில்லை. அதன் பயனாகக் கச்சேரியிலும் நியாயஸ்தலத்திலும் தங்கள் குறையை எடுத்துச் சொல்லத்தக்க ஓர் ஆளும் இல்லாமல் அந்தச் சமூகம் இரண்டு தலைமுறை பின்தங்கிற்று. மாப்பிள்ளைப் பாடல்களைக் காதுகொடுத்துக் கேட்டவர் என்று வெள்ளைக்காரருள் சொல்லத்தக்கவர் பாசட் என்னும் போலீஸ் அதிகாரி ஒருவரே. நூற்றாண்டின் முடிவில் அவர் அவற்றைப் பற்றி ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார். கொண்டோட்டியைச் சேர்ந்த மோயின்குட்டி வைத்தியர் இருபது வயதில் பாடிய பதறுல் முனீர் ஹுஸ்னுல் ஜமால், ராஜகுமாரிக்கும் மந்திரி குமாரனுக்கும் நேர்ந்த காதலைச் சொல்லும் காவியம். வெறிபிடித்த கூட்டமென்று அரசாங்கக் காகிதத்தில் பெயர் வாங்கிய மக்கள், இரவு நேரங்களில் கூடி உருகி உருகிப் பாடியது அந்தக் காதற்கதையைத்தான்.

போர்க்கத்திச் சட்டத்தை நிறைவேற்றும் பொருட்டு 1855 ஜனவரியில் கலெக்டர் கானலி கிராமம் கிராமமாகச் சென்று 7,000-க்கும் மேற்பட்ட கத்திகளைச் சேகரித்தார். நிலம்பூரில் தேக்குக் காடு வளர்த்தவர் என்று இன்றும் பெயர் விளங்குகிறவர் இவரே. அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி இரவு, கோழிக்கோட்டுச் சிறையிலிருந்து தப்பிய மாப்பிள்ளைக் கைதிகள், தம் பங்களாவின் தாழ்வாரத்தில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்த அவரை வெட்டிக் கொன்றார்கள். கொலையாளிகள் தங்கிச் சென்ற ஊர்களின்மீது கூட்டு அபராதம் வசூலிக்கப்பட்டு, அதில் பெரும்பகுதி அந்த விதவைக்குக் கொடுக்கப்பட்டது. கத்தியைப் பறித்தால் கலகம் அடங்கும் என்ற நம்பிக்கை அத்தோடு போயிருக்கவேண்டும், போகவில்லை. அடுத்த முப்பது வருஷத்திலும் அதே வைத்தியமே நடந்தது.

வேறுவிதமாக யோசித்தவர் வில்லியம் லோகன். ஸ்காட்லாந்து தேசத்தவரான இவர் 1875-ல் மலபார்க் கலெக்டரானார். 1880-ல் பெயரிடாத விண்ணப்பம் ஒன்று சர்க்காருக்கு வந்து, குடியிறக்கத்தை நிறுத்தாவிட்டால் பெருங்கலகம் மூளும் என்று எச்சரித்ததன்பேரில், நிலவுரிமைகளை விசாரிக்கும் விசேஷ அதிகாரியாக இவர் நியமனம் பெற்றார். ஸ்ட்ரேஞ்ச் துரை பத்திரங்களைப் படித்தாரென்றால் லோகன் ஊரூராகச் சென்று குடிகளின் வாய்மொழியைக் கேட்டார். மாப்பிள்ளையிடம் கேட்ட அதே புகாரை ஹிந்துக் குடியானவனும் அவரிடம் சொன்னான். குடியிறக்க வழக்குகள் முந்திய இருபது வருஷத்தில் பன்மடங்கு பெருகியிருப்பதை நீதிமன்றக் கணக்குகளிலிருந்தே எடுத்துக் காட்டி, கும்பினி நீதிபதிகள் மலையாள நிலவழக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதே கேட்டின் வேர் என்று 1882-ல் அறிக்கை எழுதினார். ஒரு ராஜாங்கத்தின் ஊழியன் அந்த ராஜாங்கத்தின் தொண்ணூறு வருஷத்துத் தவற்றை அதனிடமே எழுதிக் கொடுப்பது எளிய காரியமன்று. சர்க்கார் அறிக்கையை வாங்கிக்கொண்டு, ஸர் டி. மாதவராவ் தலைமையில் ஒரு கமிட்டியை வைத்து, 1887-ல் குடியானவன் செய்த நிலச்சீர்திருத்தத்துக்கு நஷ்டஈடு தரும் சட்டத்தோடு நிறுத்திக்கொண்டது. லோகன் எழுதிய மலபார் மானுவல் என்னும் பெரிய நூலும் அந்த வருஷமே வெளிவந்தது. நூலைப் போற்றியவர்கள் பலர், அறிக்கையைப் பின்பற்றியவர்கள் மிகச் சிலர்.

வேடிக்கையான ஒரு சங்கதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மதவெறியர் என்று அரை நூற்றாண்டு காலம் அஞ்சப்பட்ட இதே மக்களை, போர்த்திறம் மிக்க இனத்தவர் என்று கருதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாப்பிள்ளை ரைபிள்ஸ் என்ற பெயரோடு இரண்டு படைப்பிரிவுகளாகச் சேர்த்தார்கள். 1907-க்குள் இரண்டையும் கலைத்தும் விட்டார்கள். அஞ்சியபோதும் போற்றியபோதும் எதிரே நின்றவன் பட்டினி கிடந்த ஒரு குடியானவன் என்பது மாத்திரம் கண்ணிற் படவில்லை.

1921-ல் மூண்டது பெருந்தீ. முந்திய வருஷம் ஆகஸ்டில் காந்தியடிகளும் ஷௌகத் அலியும் கோழிக்கோட்டுக்கு வந்து பேசியிருந்தார்கள்; துருக்கிக் கலீபாவுக்காக எழுந்த கிலாபத்து இயக்கமும் குடியானவர் சங்கமும் ஏறநாட்டில் ஒன்றாகக் கலந்தன. 1921 ஆகஸ்டு 20-ஆம் தேதி ஜில்லா மாஜிஸ்டிரேட் தாமஸ், கிலாபத்துத் தலைவரான அலி முஸ்லியாரைக் கைதுசெய்யப் பட்டாளத்தோடு திரூரங்காடிக்குள் நுழைந்தார். மம்புறம் பள்ளியை வெள்ளைக்காரர் இடித்துவிட்டார்கள் என்ற பொய்ச்செய்தி காட்டுத்தீயாகப் பரவிற்று. இடிக்கவில்லை என்று சொன்னால் நம்புவதற்கு ஒருவரும் இல்லை. எழுபது வருஷத்து ஆட்சி அந்த நம்பிக்கையை மிச்சம் வைத்திருக்கவில்லை. சில வாரங்களுக்கு ஏறநாட்டிலும் வள்ளுவநாட்டிலும் சர்க்காரே இல்லாமற் போயிற்று. ஆரம்பத்தில் கச்சேரிகளையும் கஜானாக்களையும் ஜன்மிகளின் பத்திரங்களையும் தாக்கிய கலகம், பட்டாளத்துக்கு ஹிந்துக்கள் உளவு சொல்லுகிறார்கள் என்ற சந்தேகம் வளர வளர, அண்டை வீட்டார்மீதே பாய்ந்தது. ஹிந்துக்களில் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் பலாத்காரமாக மதம் மாற்றப்பட்டார்கள், கோயில்கள் சேதமாயின. துவ்வூரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கிணற்றில் தள்ளினார்கள். பட்டாளத்துக்கு உதவியவர்கள் என்று குற்றஞ்சாட்டி வெட்டிய அவர்களுள் மாப்பிள்ளைமாரும் இருவர். இக்கொடுமைகளுக்கு வறுமையைச் சமாதானமாகச் சொல்லுவது கொல்லப்பட்டவர்களுக்குச் செய்யும் துரோகம். சர்க்கார் கணக்கின்படி 2,339 கலகக்காரர்கள் இறந்தார்கள். சரணடைந்தவர்களும் பிடிபட்டவர்களுமாக 45,000 பேருக்கு மேல். கலகத் தலைவரான வாரியங்குன்னத்துக் குஞ்ஞகமது ஹாஜியை 1922 ஜனவரியில் மலப்புறத்தில் சுட்டார்கள். அலி முஸ்லியாரை அடுத்த மாதம் நம் கோயம்புத்தூர்ச் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள போத்தனூருக்கும் இச்சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. 1921 நவம்பர் 19-ஆம் தேதி மாலையில், திரூர் ஸ்டேஷனில் ஏறக்குறைய நூறு கைதிகளைப் பல்லாரிச் சிறைக்கு அனுப்புவதற்காக ஒரு சரக்கு வண்டிக்குள் அடைத்தார்கள். காற்றுக்காக இருந்த துவாரங்களின்மேல் பொருத்திய கம்பி வலை, பூச்சும் தூசியும் அடைத்துக் காற்றே புகாதபடி இருந்தது. நள்ளிரவுக்குப் பின் போத்தனூரில் கதவைத் திறந்தபோது பாதிப்பேருக்கு மேல் இறந்து கிடந்தார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்துத் தொகை எழுபதாயிற்று. வழியில் வண்டி நின்ற இடங்களில் உள்ளிருந்து எழுந்த கூச்சல் வெளியே கேட்காமலில்லை. மாப்பிள்ளைக் கைதிகள் கத்துவது வழக்கம்தானே என்று எண்ணியிருக்கவேண்டும். கைதிகளுள் ஹிந்துக்களும் சிலர் இருந்தார்கள். நாப் என்பவர் தலைமையில் விசாரணை நடந்தது. தண்டனை பெற்றவர் எவருமில்லை.

அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் அங்கே காடு திருத்திக் குடியேறி, தங்கள் கிராமங்களுக்கு மஞ்சேரி, வண்டூர், மண்ணார்க்காடு, காலிகட் என்று பழைய ஊர்ப்பெயர்களையே இட்டார்கள். மலபாரில் 1930-ல் குடிவாரச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நிலச்சீர்திருத்தம் ஜன்மி முறையையே ஒழித்தது. தகராறின் வேர் அற்றபின், பழைய கலகத்தின் வடிவமும் எக்காலத்திலும் திரும்பி வரவில்லை. ஆனால் பழைய தீர்ப்பு அற்றுப்போகவில்லை. 1969-ல் மலப்புறம் தனி ஜில்லாவானபோது குட்டிப் பாகிஸ்தான் உருவாகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. 2018-ல் திரூர் ரயில் நிலையச் சுவரில் அந்தச் சரக்கு வண்டியைச் சித்திரமாகத் தீட்டினார்கள். ஆட்சேபம் வந்ததும் ரயில்வேயார் அழித்துவிட்டார்கள். கேரள சர்க்கார் 1971-லேயே விடுதலைப் போராட்டமென்று ஒப்புக்கொண்ட அந்தக் கலகத்தில் மாண்டவர்களுடைய பெயர்களை, தியாகிகள் அகராதியிலிருந்து நீக்கவேண்டுமென்று 2021-ல் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் மூவர் குழு பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. அலி முஸ்லியார், குஞ்ஞகமது ஹாஜி உள்ளிட்ட 387 பெயர்கள். நடந்தது மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்ட மதவெறி இயக்கம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அப்பெயர்களைக் காக்கப் புறப்பட்டவர்களோ துவ்வூர்க் கிணற்றைப் பற்றிப் பேச அவ்வளவாக விரும்பவில்லை. இரு தரப்பாரும் லோகனுடைய 1882-ஆம் வருஷத்து அறிக்கையைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.